ஊசி போட்ட கை, பல் பார்த்த கை

சிதம்பரத்திலும் கடலூரிலும் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பணிக்காலத்தில் அவருடைய ஒரு நாள் இரண்டு இடங்களில் கழியும். விடியற்காலையில் அறுவைக்கூடத்தில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். வெயில் ஏறுவதற்குள் புவனகிரிப் பக்கம் ஏதாவதொரு தெருவில், இரவெல்லாம் கத்திய பசுவின் பின்னால் நின்று சினை ஊசி போடுவார். மாடு உருவாகும் இடத்திலும் அவர் இருந்தார், முடியும் இடத்திலும் இருந்தார். இந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு கேள்வி அவருக்குள் வளர்ந்தது: கறி ஏன் ஒரு மாட்டில் பஞ்சாகவும் இன்னொரு மாட்டில் நாராகவும் இருக்கிறது? அது இரத்தத்தால் வருவதா, வயதால் வருவதா, வெட்டிய பிறகு மனிதர் செய்வதால் வருவதா?

கேள்வியை முதலில் கிளப்பியவர் ஒரு கறிக்கடைக்காரர். அறுவைக்கூடத்துக்கு அதிகம் வருவது உழுது களைத்த நாட்டு எருதுகளும் எருமைகளும்தான். எப்போதாவது வண்டி இழுத்த கலப்பின எருது ஒன்று வரும். அதன் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், எருமைக் கொழுப்போ வெளேரென்று இருக்கும். "டாக்டர் சார், இந்தச் சீமை மாட்டுக் கறி சீக்கிரம் வெந்துடும். நாட்டு மாடுன்னா அடுப்பு அணையவே விடக்கூடாது. பிரியாணிக்கு எடுக்கறவங்க இதைத்தான் கேட்டு வாங்குவாங்க" என்றார் பாய். மருத்துவர் படித்த பாடத்தில் ஜெர்சி என்றால் பாலின் கொழுப்புச் சத்து, மடியின் அமைப்பு, கறவை நாட்கள். அதன் கறியைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஆனால் பாய் சொன்னது சரிதான் என்று பின்னாளில் அவருக்குத் தெரிந்தது. அதைச் சொன்னது அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டர் என்ற ஊரிலுள்ள இறைச்சி விலங்கு ஆராய்ச்சி மையம்.

அந்த மையத்தின் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1960களின் கடைசியிலிருந்து அங்கே ஒரு பெரிய இனச் சோதனை நடந்தது. ஒரே வகைப் பசுக்களுக்குப் பல இனக் காளைகளின் விந்தைச் செலுத்தி, பிறந்த கன்றுகளை ஒரே தீவனத்தில் வளர்த்து, ஒரே வயதில் அறுத்து, கறியை அளந்தார்கள். அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. வார்னர், பிராட்ஸ்லர் என்ற இருவர் பெயரால் அழைக்கப்படுவது. வெந்த கறியிலிருந்து அரை அங்குல விட்டத்தில் ஓர் உருளையைக் குடைந்து எடுத்து, தசைநாருக்குக் குறுக்கே மழுங்கிய தகடு ஒன்றை இறக்கி, அது அறுபட எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். பல்லுக்குப் பதில் தகடு. விசை கூடினால் கறி கடினம். இந்தச் சோதனையில் மென்மைக்குப் பெயர் வாங்கிய இனங்களில் ஒன்று ஜெர்சி. கடினமானவற்றின் பக்கம் நின்றவை திமில் உள்ள மாடுகள்: பிராமன், சாஹிவால். திமில் இனத்தின் பங்கு கன்றின் உடலில் ஏற ஏறக் கறியின் கடினமும் ஏறியது.

காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். மாடு இறந்த பிறகு தசைக்குள் கால்பெய்ன் என்ற நொதி வேலையைத் தொடங்குகிறது. தசைநார்களைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளை அது மெல்ல அறுக்கிறது, கறி இளகுகிறது. அந்த நொதியைத் தடுத்து நிறுத்த இன்னொரு புரதம் தசையிலேயே இருக்கிறது. அதன் பெயர் கால்பாஸ்டாட்டின். திமில் மாடுகளில் தடுப்பவன் அதிகம். அதனால் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் அந்தக் கறி மற்றதைப் போல் இளகுவதில்லை.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. அமெரிக்கர் பிராமன் என்று சொல்லும் மாடு அங்கே பிறந்ததல்ல. நெல்லூர் என்றும் ஓங்கோல் என்றும் நாம் சொல்லும் மாடும், கிர், குஜராத்தின் காங்கிரெஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே கலந்து உருவானது அது. உண்ணி கடித்தாலும் தாங்கும், வெயிலில் மேயும், மட்டமான புல்லைத் தின்றும் கன்று போடும். டெக்சாஸின் வெயிலில் சுருண்டு விழுந்த ஆங்கிலேய மாடுகளுக்கு இந்த இரத்தம் தேவைப்பட்டது. கிங் ராஞ்ச் என்ற பெரும் பண்ணையில் ஷார்ட்ஹார்னோடு இதைக் கலந்து, எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன் என்ற அளவில் சான்டா கெர்ட்ரூடிஸ் இனத்தை நிலைநிறுத்தினார்கள். 1940இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. ஆங்கஸோடு அதே எட்டில் மூன்று கணக்கில் கலந்தது பிராங்கஸ். திமில் இரத்தத்தைப் பாதிக்குக் கீழே நிறுத்தியதில் ஒரு லாபம் உண்டு: வெயிலைத் தாங்கும் குணமும் கிடைத்தது, கறியும் பெரிதாகக் கெடவில்லை.

பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஓங்கோல் மாடு நெலோரே என்ற பெயரில் நாட்டின் முதன்மை மாடாகவே ஆகிவிட்டது. 1960களின் தொடக்கத்தில் ஆந்திரத்திலிருந்து போன கர்வாடி என்ற காளையின் வம்சம் அந்த நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. இருபது கோடிக்கு மேற்பட்ட பிரேசில் மாடுகளில் மிகப் பெரும் பங்கு திமில் மாடுகள். ஏற்றுமதிக்கு நல்ல விலை வேண்டுமென்றால் கறி மென்மையாக இருக்க வேண்டுமே. அதனால் நெலோரேப் பசுவுக்கு ஆங்கஸ் காளையின் உறைவிந்தைச் செலுத்துவது இன்று அங்கே பரவலான வழக்கம். நம் மாட்டின் உடல் வலு தாய்வழியில், கறியின் மென்மை தந்தைவழியில்.

கடலூர் மாவட்டத்தில் நடந்தது இதே கலப்புதான், நோக்கம் மட்டும் வேறு. 1960களின் நடுவில் தொடங்கிய தீவிரக் கால்நடை மேம்பாட்டுத் திட்டமும், அதன் பின்னால் வந்த பால் கூட்டுறவுச் சங்கங்களும் ஊருக்கு ஊர் ஜெர்சி இரத்தத்தைக் கொண்டு சேர்த்தன. சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் என்பது மாநிலத்தின் இனப்பெருக்கக் கொள்கை. உம்பளாச்சேரி போன்ற நாட்டினங்களுக்கு அவற்றின் சொந்த வட்டாரங்களில் அதே இனக் காளை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் 95 லட்சம், அவற்றில் பெரும்பான்மை கலப்பினம். எருமைகளோ ஐந்து லட்சத்துக்கு வந்துவிட்டன. 2012இல் அவை ஏழு லட்சத்து எண்பதாயிரம். ஏழாண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழைந்துவிடும். வெள்ளாற்றங்கரையில் எருமை இல்லாத ஒரு வீட்டை அவர் இளம் வயதில் பார்த்ததில்லை.

ஊசி போடுகிற வேலை வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு எளிது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் குடுவையிலிருந்து கால் மில்லி குச்சியை எடுக்க வேண்டும். 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும். துடைத்து, முனையை வெட்டி, குழலில் ஏற்றி, இடது கையால் உள்ளே கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் செலுத்த வேண்டும். காலையில் கத்திய மாட்டுக்கு மாலையில், மாலையில் கத்திய மாட்டுக்கு மறுநாள் காலையில். வழும்பு கண்ணாடி போல் தெளிவாகத் தொங்கினால்தான் சரியான நேரம். மேகம் போல் கலங்கியிருந்தால் கருப்பையில் நோய், ஊசி வீண். கை இதைக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும். அவர் கை கற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்பது மாதமும் சில நாட்களும் கழித்து அதே வீட்டு வாசலில் கேட்கும் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்ததில்லை. "ஏன் சார், காளைக் கன்னு போட்டுடுச்சே. திமிலும் இல்ல, நுகத்தடி நிக்காது. ஏர்லயும் கட்ட முடியாது, வண்டிக்கும் ஆவாது. இத வெச்சு நான் என்னா பண்ணட்டும்?" உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சேற்று உழவுக்குப் பேர்போன உம்பளாச்சேரி எருதுக்கே காட்டுமன்னார்கோயில் வயல்களில் வேலை குறைந்துவிட்டது. அப்படியிருக்க ஜெர்சிக் காளைக்கன்று யாருக்கு வேண்டும்? ஒவ்வொரு நாளும் அது குடிக்கும் பாலுக்குச் சங்கத்தில் விலை இருக்கிறது. கன்று மெலியும், பிறகு ஒரு நாள் தரகர் கையில் போகும். கிளே சென்டர் ஆராய்ச்சியின்படி மென்மையான கறி தரக்கூடிய ஒரு விலங்கு இந்த மாவட்டத்தில் ஆண்டுதோறும் பிறந்துகொண்டே இருந்தது. அதை அந்த நோக்கத்தோடு வளர்த்தவர் ஒருவரும் இல்லை.

வளர்த்திருக்கவும் முடியாது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மாட்டையோ எருமையையோ அறுக்க வேண்டுமென்றால் சான்று வேண்டும். பத்து வயதைக் கடந்திருக்க வேண்டும், உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாததாக இருக்க வேண்டும்; அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். 1976இல் வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதை முற்றாகத் தடை செய்தது. விடியற்காலையில் அவர் பார்த்த பல்லுக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். இரண்டு வயதை ஒட்டி முதல் சோடி நிலைப்பல் வரும். நாலு பல், ஆறு பல் என்று ஏறி, ஐந்து வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். அதன் பிறகு எண்ணிப் பார்க்க முடியாது, தேய்மானத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். பற்களுக்கு இடையே சந்து விழுந்திருக்கிறதா, மேல்விளிம்பு தட்டையாகிவிட்டதா, கொம்பில் எத்தனை வளையம்? பத்து வயது மாடென்றால் பல் பாதியாகத் தேய்ந்திருக்கும்.

அந்த வயதில் இனம் தரும் வித்தியாசம் பெரும்பாலும் மங்கிவிடும். தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. இளம் விலங்கில் அது கொதிநீரில் கரைந்து குழம்பாகிவிடும். வயது ஏற ஏற அதன் இழைகளுக்கு இடையே பாலம் போட்டதுபோல் பிணைப்புகள் விழுகின்றன, பிறகு கரைய மறுக்கிறது. பல ஆண்டு வண்டி இழுத்த எருதின் தொடைக்கறி எட்டு விசிலுக்கும் மசியாமல் இருப்பதற்கு இனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பப்பாளிக்காயின் பாலையும் இஞ்சியையும் நம் சமையலறை ஏன் கண்டுபிடித்தது என்பதும் இங்கேதான் புரிகிறது. இரண்டிலும் புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. பரங்கிப்பேட்டைப் பக்கத்துச் சமையல்காரர்கள் அரைத்த பப்பாளித் தோலை எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்பதில் காட்டும் கண்டிப்பு ஆய்வகத்துக்குக் குறைந்ததல்ல. கூடிப்போனால் மேல்பரப்பு மாவாகிவிடும், உள்ளே நார் அப்படியே நிற்கும்.

ஆகவே மாட்டுக்கறியின் மென்மைக்காகக் கலப்பினம் செய்வது தமிழ்நாட்டில் இயல்கிற காரியமல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தார். சட்டம் வயதை நிர்ணயிக்கிறது, வயது இரத்தத்தின் வேலையைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. இது ஒரு வாதமாக அவர் முன்வைத்ததல்ல, தான் பார்த்த உண்மையாகவே சொல்வார். உறைவிந்தில் பாலினம் பிரிக்கும் முறை வந்ததிலிருந்து இந்தக் கதை இன்னொரு பக்கமும் திரும்பியிருக்கிறது. அந்த ஊசியில் பத்துக்கு ஒன்பது கிடாரிக் கன்று. வாசலில் அவர் பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்வி இனிக் குறையும்.

கற்றதை அவர் ஆட்டில் பயன்படுத்தினார். ஆட்டுக்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை, ஒரு வயதுக்குள் அறுக்கலாம், சினை பிடித்து ஐந்து மாதத்தில் குட்டி போடும். கடலூர் மாவட்டத்தின் ஆட்டுக் கணக்கை அறிய ஒரு வெள்ளிக்கிழமை வேப்பூர்ச் சந்தைக்குப் போனால் போதும். தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்தைய வாரங்களில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. வியாபாரிகள் கிடாவின் முதுகெலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். எலும்பு தட்டுப்பட்டால் கறி இல்லை. உதட்டை விலக்கிப் பார்ப்பார்கள், பால்பல் எல்லாம் இருந்தால் இளங்கறி, நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டிவிட்டது. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை.

2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு வந்தது. பெற்றவர்களில் பலருக்கு இனவிருத்தி பற்றிச் சொல்ல ஆளில்லை. அவர் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்: பெட்டையை மாற்றாதீர்கள், கிடாவை மாற்றுங்கள். உள்ளூர் வெள்ளாட்டுப் பெட்டைக்குத் தலைச்சேரிக் கிடாவைச் சேர்த்தால் இரட்டைக் குட்டி கூடும், குட்டியின் எடையும் கூடும், இந்த மழைக்கும் ஈரத்துக்கும் தாங்கும். தலைச்சேரி மலபார்க் கரையின் ஆடு, ஈரத்தில் பிறந்தது. இருபது இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு ஆண்டில் அதை விற்றுவிட்டு வேறு ஊர்க் கிடா கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மகளுக்கே அப்பன் சேர்ந்துவிடும். கறிக்கு விடும் கிடாக்குட்டிகளை இரண்டு மூன்று மாதத்தில் பர்டிசோ இடுக்கி வைத்து விதையடித்துவிட்டால் வாடை வராது, கொழுப்பும் சீராகச் சேரும்.

தென்னாப்பிரிக்க போயர் இனத்தைப் பற்றியும் கேட்டு வருவார்கள். 1993இல் மகாராஷ்டிரத்தின் பல்டன் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உறைந்த கருக்களாக அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது. தொடை திரண்ட ஆடு, பார்த்தாலே ஆசை வரும். அதைக் கேட்டு வருபவர்களுக்கு அவர் வேறொரு கதையைச் சொல்லுவார். 1983இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டார்செட் இனச் செம்மறிக் கடா ஒன்று பிறந்தது, சாலிட் கோல்ட் என்று பெயர் வைத்தார்கள். அதன் வாரிசுகளுக்குப் பின்தொடை அளவுக்கு மீறித் திரண்டது, கொழுப்புக் குறைந்தது, தீவனத்தைக் குறைவாகத் தின்றே கறி போட்டன. எல்லோருக்கும் மகிழ்ச்சி, வெட்டிச் சமைக்கும் வரை. முதுகுக்கறியை மெல்ல முடியவில்லை. சோதித்தபோது அந்தத் தசையில் கால்பாஸ்டாட்டின் பெருகியிருந்தது. தசையைத் தேய விடாமல் காத்த அதே புரதம், இறந்த பின் இளக விடாமலும் காத்தது. போயர் ஆட்டுக்கு இந்தக் குறை இருப்பதாக அவர் சொல்லவில்லை. எடையை மட்டும் பார்த்துக் கிடா தேர்ந்தெடுக்காதீர்கள், அந்தக் கிடாவின் குட்டிகளைத் தின்றவர்களிடமும் கேளுங்கள் என்பதற்காகச் சொல்வார்.

இனம் சரியாக அமைந்த குட்டியையும் கடைசி இரண்டு நாளில் கெடுத்துவிட முடியும். வெள்ளிக்கிழமை வேப்பூரில் வாங்கி, வெயிலில் வண்டியில் நெரித்து ஏற்றி, தண்ணீர் காட்டாமல் சிதம்பரத்தில் இறக்கி உடனே அறுத்தால், தசையில் இருந்த சர்க்கரை இருப்பு பயத்திலும் களைப்பிலும் தீர்ந்திருக்கும். அது இருந்தால்தான் இறந்த பிறகு அமிலமாக மாறும், அமிலத்தன்மை 5.5 அளவுக்கு வரும், கறி நல்ல சிவப்பாகும். இல்லாவிட்டால் கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். வெள்ளி வாங்கியதை ஞாயிறுதான் அறுக்கப் போகிறோம் என்றால் சனிக்கிழமை முழுக்க நிழலில் கட்டி, வேண்டிய மட்டும் தண்ணீர் வையுங்கள் என்று கறிக்கடைக்காரர்களிடம் மன்றாடினார். கேட்டவர்கள் சிலர், அவர்கள் கடையில் கூட்டம் கூடியது.

கேட்காதவர்களை விட அவருக்கு அதிகக் கவலை தந்தது வீட்டுக் குளிர்ப்பெட்டி. விடியலில் அறுத்து ஏழு மணிக்கு வாங்கி வந்த கறி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், தசை விறைப்பு முழுமையாக வந்திருக்காது. அதை அப்படியே உறைபெட்டியில் வைத்தால், விறைப்பதற்கு முன்பே குளிர் பட்டுத் தசை சுருண்டு இறுகிவிடும். கொழுப்புப் போர்வை மெல்லியதாக உள்ள ஆட்டுக்கறிக்கு இது மாட்டுக்கறியைவிட வேகமாக நடக்கும். பிறகு எத்தனை நாள் வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. நல்ல கிடா தேடி, விதையடித்து, நிழலில் கட்டி வளர்த்த ஓர் ஆண்டு உழைப்பு அரை மணி நேரத்தில் போய்விடும். காலையில் வாங்கியதைக் காலையிலேயே அடுப்பேற்றுங்கள். வைத்துத்தான் தீர வேண்டுமென்றால் விறைப்பு வந்த பிறகு உறையவிடாமல் வெறும் குளிர்த்தட்டில் மூடி வைத்து, மறுநாள் சமையுங்கள். முடிந்தால் இரண்டாம் நாள். அந்த நேரத்தில்தான் கால்பெய்ன் தன் வேலையைச் செய்யும். வெளிநாட்டில் மாட்டுக்கறியை உறைநிலைக்குச் சற்று மேலே ஒரு வாரம், இரண்டு வாரம் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

இப்போது அவர் வீட்டுத் திண்ணைக்கு ஆடு வளர்க்கும் இளைஞர்கள் வருகிறார்கள். வருகிறவர்களிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்கிறார். எந்தக் கிடா, எந்தப் பெட்டை, பிறந்தபோது எடை, மூன்று மாதத்தில் எடை, விற்றபோது எடை என்று எல்லோரும் எழுதுகிற கட்டங்களோடு கடைசியில் இன்னும் இரண்டு கட்டம் போட வைக்கிறார்: கறி வேக எவ்வளவு நேரம் ஆனது, தின்றவர் என்ன சொன்னார். விற்ற ஆட்டின் கறி எங்கே போனதென்று தெரியாதே என்பார்கள். வாங்கிய கடைக்காரரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்து, ஞாயிறு மாலை ஒரு முறை கேட்டுவிடச் சொல்கிறார். கிள்ளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையனின் நோட்டில் இரண்டு கிடாக்களின் வரிசை சேர்ந்திருக்கிறது. எடையில் பின்தங்கிய கிடாவின் குட்டிகளைத்தான் கடைக்காரர் திரும்பக் கேட்கிறார். அடுத்த பருவத்துக்கு எந்தக் கிடாவை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று இருவரும் அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.